எடை கூடிய துப்பாக்கி

துப்பாக்கி முந்நூற்றெட்டு கிராம் எடை கூடியிருந்தது.

மனிதர்கள் எடை கூடுவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. நடை இல்லை, தூக்கம் இல்லை, கவலை அதிகம் என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். பூட்டிய கண்ணாடிப் பேழைக்குள் இரண்டு வருடம் படுத்தே கிடந்த இரும்பும் மரமும் எந்தக் கவலையில் ஊதும்? மதிப்பீட்டாளரின் மேசை முன்னால் உட்கார்ந்து தராசம்மா இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முந்தைய தாளில் நான்கு கிலோ இருபது கிராம். இன்று காலை எழுதிய தாளில் நான்கு கிலோ முந்நூற்று இருபத்தெட்டு. எழுதிய கை ஒன்றே, எடை போட்ட தராசும் ஒன்றே. துப்பாக்கியும் ஒன்றேதானா என்பதைத்தான் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்ட அவரிடம் தெம்பு இல்லை. வேறொரு வழக்குக்காக இரண்டு ராத்திரி காருக்குள்ளேயே விழித்துக் கிடந்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். கண்களில் மணல் விழுந்தது போலிருந்தது. முழங்கால்கள் இரண்டும் முறை வைத்து வலித்தன.

துப்பறிய வருவதற்கு முன்பு அவர் அரசாங்கத்தில் எடை அளவு ஆய்வாளர். இருபத்திரண்டு வருடம் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்தவர். பிடிபட்ட வியாபாரிகள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர்தான் தராசம்மா. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவருடைய உதவியாளருக்கும் பழைய வேலையே பெயர். பதினெட்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர், கண்டக்டர்.

"முதல்ல உங்க தராசைப் பார்க்கணும்" என்றார் தராசம்மா.

மதிப்பீட்டாளரின் முகம் சுண்டியது. பழைய கடிகாரங்கள், பீங்கான், மேசை நாற்காலிகள் என்று நாற்பது வருடமாக வயதும் மதிப்பும் சொல்லிவருபவர். "என் தராசையா சந்தேகப்படறீங்க?"

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் கண்டக்டர். "அவங்க கல்யாண வீட்டுக்குப் போனா மாப்பிள்ளையவே இப்படித்தான் பார்ப்பாங்க."

தராசம்மா கைப்பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். உள்ளே பள்ளம் பள்ளமாகக் குடைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை எடைக்கல். வெறும் விரலால் தொட்டால் வியர்வை ஒட்டி எடை மாறும் என்பதால் துணியால் பிடித்துத் தூக்கினார். ஒரு கிலோ வைத்தார். இரண்டு வைத்தார். இரண்டையும் சேர்த்து வைத்து, மேலே நூறு கிராம் கல்லையும் ஏற்றினார். ஒரு கிராம்கூடப் பிசகவில்லை.

"தராசு யோக்கியமானது" என்றார்.

"அப்ப துப்பாக்கிதான் அயோக்கியம்" என்றார் கண்டக்டர்.

துப்பாக்கி மேசைமேல் கம்பளித் துணியில் கிடந்தது. விசைக்குக் கீழே வளையம் போல ஓர் இரும்புக் கைப்பிடி, அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் ஒரு தோட்டா குழலுக்குள் ஏறும், சுட்டபிறகு மறுபடி இழுத்தால் வெறும் கூடு வெளியே தெறித்து அடுத்தது ஏறும். அந்த லீவரையும் பின்பக்க மரக்கட்டையின் கழுத்தையும் சேர்த்து முறுக்கிய கம்பியால் கட்டி, ஈயச் சீல் வைத்திருந்தது.

"இது யார் வச்ச சீல்?"

"நானே வச்சது. ரெண்டு வருஷம் முன்னாடி, இன்சூரன்சுக்காக மதிப்புப் போட்டப்ப. உள்ள காலியா இருக்கான்னு பார்த்துட்டு, மில்காரர் கண் முன்னாடிதான் கட்டினேன். அதுக்கப்புறம் இத யாரும் திறக்கவும் முடியாது, சுடவும் முடியாது. சீல் அப்படியேதான் இருக்கு."

மில்காரர் என்பவர் மர அறுவை ஆலை முதலாளி. இந்தத் துப்பாக்கியின் சொந்தக்காரர். இன்று மாலை ஆறு மணிக்கு இதை வாங்குகிறவர்கள் அவர் வீட்டுக்கு வருகிறார்கள். அதற்காகத்தான் இன்று காலை புதுச் சான்றிதழ் எழுத எடை போட்டார்கள்.

"எண்ணைப் பார்த்ததும் மில்காரர் என்ன சொன்னார்?"

"முகம் ஒரு மாதிரி ஆச்சு. அப்புறம், 'மாத்திட்டான், என் மச்சான் மாத்திட்டான்'னார். அசலை வித்துட்டு நகல் வச்சுட்டான்னு. பேழைக்கு ரெண்டு சாவி, ஒண்ணு அவர்கிட்ட, இன்னொண்ணு அந்த மைத்துனர்கிட்டதானே இருக்கு."

"வேற எதுவும் கேட்கலையா?"

"இல்ல. கிளம்பிட்டார்."

அந்த மைத்துனரின் அக்கா, அதாவது மில்காரரின் மனைவி, காலை பத்து மணிக்குத் தராசம்மாவுக்குப் போன் செய்திருந்தார். அழவில்லை. என் தம்பி திருடன் இல்லை, அதை யாராவது சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலுக்காகத்தான் தராசம்மா தூக்கத்தைத் தள்ளிப்போட்டார்.

"இதோட வயச எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

மதிப்பீட்டாளருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "கைப்பிடிக்கு அடியில நம்பர் இருக்கு பாருங்க. எந்த நம்பர் எந்த வருஷம்னு பட்டியல் உண்டு. இது நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல. ஆனா நம்பர யாரும் வெட்டலாம். மதிப்பு இருக்கிறது நம்பர்ல இல்ல, தோல்ல. பழைய கறுப்புப் பூச்சு எங்க தேஞ்சிருக்கு, ஸ்குரூ வாய் யாராவது திருகி நசுங்கியிருக்கா, இதெல்லாம் பார்க்கணும். பளபளன்னு மெருகு ஏத்தியிருந்தா பாதி மதிப்பு போயிடும். இதுல எல்லாம் சரியாத்தான் இருக்கு. கீறல்கூட பழைய போட்டோல இருக்கிற இடத்துலயே இருக்கு. எடைதான் இடிக்குது. கெட்டிக்கார ஆள் செஞ்ச நகலா இருந்தா?"

தராசம்மா கட்டையின் அடிப்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார். தோளில் பதியும் அந்த இடத்தில் ஓர் இரும்புத் தகடு பொருத்தியிருந்தது. மரத்திலிருந்து தகட்டை நோக்கி நகத்தை மெல்ல நகர்த்தினார். விளிம்பில் நகம் தட்டி நின்றது. மறுபக்கமும் அப்படியே.

"நீங்க நகர்த்திப் பாருங்க கண்டக்டர்."

"தட்டுது. மரத்தைவிட இரும்பு கொஞ்சம் பெருசா இருக்கு. செஞ்சவன் அளவெடுக்காம செஞ்சிருக்கான்."

"செஞ்சப்ப ரெண்டும் ஒட்டிச் சமமாத்தான் இருந்திருக்கும். சேர்த்து வச்சுத்தான் அரத்தால ராவுவாங்க. அப்புறம் மரம் சுருங்கும், இரும்பு சுருங்காது. அதுவும் ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல இவ்வளவு சுருங்காது. தகட்டோட விளிம்பப் பாருங்க, கை பட்டுப் பட்டு மழுங்கியிருக்கு. மரத்தோட விளிம்பும் அதுக்குத் தகுந்தா மாதிரி தேஞ்சிருக்கு. கீறலைக் கள்ளத்தனமா போடலாம். நூறு வருஷச் சுருக்கத்தைப் போட முடியாது."

மதிப்பீட்டாளர் தானும் நகத்தை வைத்துப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "பழைய மேசை டிராயர்ல மரம் சுருங்கினத தினமும் பார்க்கிறேன். இங்க பார்க்கத் தோணல."

"அப்ப மாத்தல" என்றார் கண்டக்டர். "அதே துப்பாக்கி. கேஸ் முடிஞ்சுது, வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்."

"அதே துப்பாக்கின்னா முந்நூத்தி எட்டு கிராம் எங்கேர்ந்து வந்துச்சு?"

கண்டக்டர் மறுபடி உட்கார்ந்தார்.

மழைக்காலத்தில் மரம் ஈரம் குடிக்கும். முப்பது நாற்பது கிராம் கூடலாம். இப்போதோ ஊரே காய்ந்து கிடக்கிறது. புதிதாகப் பூச்சு எதுவும் இல்லை. எந்த ஸ்குரூவையும் யாரும் திருகவில்லை, அதனால் எந்தப் பாகமும் மாறவில்லை. தராசம்மா பழைய தாளை இன்னொரு முறை வாசித்தார். நீளம், நம்பர், எடை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி. பேழையில் காட்சிக்கு வைத்த ஒற்றைத் தோட்டா, இருபத்திரண்டு கிராம். இந்த மனிதர் எதையும் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டார். கொட்டாவி வந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். முகத்தைத் தேய்க்க முடியவில்லை. மைத்துனர் அவர்தான்.

"அத்தான் நாலரைக்குள்ள கொண்டுவரச் சொன்னாருங்க" என்றார். "திருடன்னும் சொல்றார், எடுத்துட்டு வாடான்னும் சொல்றார்."

"நாங்களும் வர்றோம்" என்றார் தராசம்மா.

துப்பாக்கியை அதன் நீளப் பெட்டியில் வைத்து மூடினார்கள். பின் இருக்கையில் அது குறுக்கே அடங்காததால் கண்டக்டர் முழங்கால்களுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். தராசம்மா முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

"போலீசுக்குப் போறாரா உங்க அத்தான்?" கண்டக்டர் கேட்டார்.

"மொதல்ல போறேன்னார். மத்தியானம் மனசு மாறிட்டார். 'போனது போகட்டும், உன் தம்பிதானே'ன்னு அக்காகிட்ட சொல்லியிருக்கார். விருந்தாளிங்க முன்னாடி எதுவும் காட்டிக்க வேணாம், எப்பவும்போல வந்து அவன் இடத்துல நிக்கட்டும், அது போதும்னுட்டார்."

"என்ன இடம்?"

மைத்துனர் அலுப்போடு சிரித்தார். "ஒரு வேடிக்கைங்க. விருந்தாளி வந்தா அத்தான் இந்தத் துப்பாக்கிய எடுப்பார். நான் ஹால் கோடியில ஜன்னல் பக்கம் நிக்கணும். அவர் லீவரை இழுத்து, குறி பார்த்து, விசைய அழுத்துவார். 'டொக்'குன்னு சத்தம் வரும். நான் நெஞ்சைப் பிடிச்சுட்டு விழணும். எல்லாரும் சிரிப்பாங்க. பத்து வருஷமா இப்படித்தான். சாகறது எனக்குப் பழகிப்போச்சு. சீல் வச்ச இந்த ரெண்டு வருஷமாத்தான் சாகாம இருக்கேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சீலை வெட்டிட்டு, கடைசியா ஒரு தடவை செய்யணுமாம். வாங்கறவங்களுக்கு அது பிடிக்கும்னார். திங்கட்கிழமை மில்லை ரெண்டாப் பிரிச்சுப் பத்திரம் எழுதறோம். அப்புறம் அவர் கூப்பிட்டாலும் நான் விழ வேண்டியதில்ல."

தராசம்மா கண்ணைத் திறந்தார்.

முந்நூற்றெட்டை இருபத்திரண்டால் வகுத்தார். மீதி வரவில்லை.

"கண்டக்டர், துப்பாக்கியோட வாய் மேல இருக்கா, கீழ இருக்கா?"

"மேல. என் காதுகிட்ட. ஏன், அதுகிட்ட ஏதாவது ரகசியம் சொல்லணுமா?"

"மெல்ல அந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிங்க. தம்பி, வண்டிய ஓரமா நிறுத்துங்க."

குரலில் இருந்த நிதானமே மைத்துனரைப் பயமுறுத்தியது. வேலியோரமாக நிறுத்தினார். தராசம்மா பின்கதவைத் திறந்து பெட்டியைப் படுக்கவைத்து, வாய் வெற்று வயலைப் பார்க்கும்படி திருப்பி, மூடியை எடுத்தார்.

"இதோட வலது பக்கத்துல, விசைக்கு மேல, நீள்வட்டமா ஒரு சின்ன மூடி தெரியுதா? தோட்டா நுழைக்கிற கதவு. உள்ள அமுங்கும், விட்டா ஸ்பிரிங் திருப்பி மூடிடும். குழலுக்கு அடியில இன்னொரு மெல்லிய குழாய் ஓடுது பாருங்க, இந்த வழியா தள்ளற தோட்டாவெல்லாம் அதுக்குள்ள வரிசையா போய்ப் படுத்துக்கும். இப்ப சொல்லுங்க, இந்தக் கதவைத் திறக்க லீவரைத் தொடணுமா?"

கண்டக்டர் பார்த்தார். கம்பி லீவரைக் கட்டியிருந்தது. கதவை எதுவும் கட்டவில்லை.

"பஸ்சுக்கு முன்வாசலைப் பூட்டிட்டுப் பின்வாசலைத் திறந்து வச்ச கதை" என்றார் மெதுவாக.

தராசம்மா பேனா மூடியால் அந்தச் சின்னக் கதவை அமுக்கி டார்ச் அடித்தார். இருட்டு தெரிய வேண்டிய இடத்தில் வட்டமான பித்தளை மின்னியது.

மைத்துனர் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். சற்றுக் கழித்து, "அத்தானுக்கு இது தெரியாதுங்களே" என்றார். "தெரியாம என்னைச் சுட்டிருப்பாரே."

தராசம்மா பெட்டியின் மூடியைத் திரும்ப வைத்தார். "கண்டக்டர், ஸ்டேஷனுக்குப் போன் போடுங்க. வீட்டுக்கு வரச் சொல்லுங்க. தம்பி, அங்க போனதும் நான் சொல்றத மட்டும் செய்யுங்க. லீவர் கட்டியிருக்கிற வரைக்கும் இது சுடாது, பயப்படாதீங்க."

மில்காரரின் ஹால் நீளமாக இருந்தது. நாற்காலிகளை ஏற்கெனவே சுவரோரமாக நகர்த்தி, நடுவில் வழி விட்டிருந்தார்கள். வழியின் ஒரு முனையில் மேசை, மறுமுனையில் ஜன்னல். மில்காரர் பெரிய உடம்பு, சின்னக் குரல். நாற்பது வருடமாகத் துப்பாக்கி பிடித்தவர் என்பதைச் சுவரிலிருந்த கோப்பைகள் சொல்லின. வலது பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. மனைவி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, நகல்தானே?" என்றார் மில்காரர்.

"அசல்தாங்க. மரமே சொல்லுது. உங்க மச்சான் எதையும் மாத்தல."

மனைவி மூச்சு விட்டார். மில்காரரும் தாராளமாகச் சிரித்தார். "நல்லதாப் போச்சு. அவசரப்பட்டு வாய விட்டுட்டேன். டேய் மச்சான், மனசுல வச்சுக்காத."

"எடை மட்டும் கூடியிருக்கே?"

"தராசு கோளாறா இருக்கும்."

"இருக்கலாம்" என்றார் தராசம்மா. நிற்கவே கால் வலித்தது. பெட்டியை மேசைமேல் வைத்து, வாய்ப்பக்கம் ஜன்னலைப் பார்க்கும்படி திருப்பினார். "எனக்கும் அந்த வேடிக்கையப் பார்க்கணும்னு ஆசை. ஒரு சின்ன மாத்தம். பத்து வருஷமா அவர் விழுந்தாச்சு. இன்னைக்கு நீங்க ஜன்னல்கிட்ட நில்லுங்க, அவர் சுடட்டும்."

"எனக்கு விழத் தெரியாது."

"நிக்கத் தெரியுமே. சும்மா ஒத்திகைதான். தம்பி, எடுங்க."

கண்டக்டர் பையிலிருந்து கத்தரியை எடுத்து நீட்டினார். மைத்துனரின் கை பெட்டியின் மூடிக்குப் போனது.

மில்காரர் இரண்டு எட்டு விலகினார். ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவிலிருந்த வழியை விட்டு, சுவரோரமாக.

"மூடு" என்றார். "பெட்டிய மூடுடா."

"ஏங்க?" தராசம்மா கேட்டார். "சீல் அப்படியே இருக்கு. காலித் துப்பாக்கிதானே."

மில்காரர் சுவரை விட்டு நகரவில்லை.

"காலையில எண்ணைப் பார்த்ததும் நீங்க ஒரு கேள்வி கேட்டிருக்கணும்" என்றார் தராசம்மா. "துப்பாக்கி பிடிச்ச யாரா இருந்தாலும் வாயில வர்ற முதல் கேள்வி அதுதான். எடை கூடியிருக்கா, உள்ள தோட்டா இருக்கான்னு பாருன்னு. மதிப்பீட்டாளர் கடிகாரக்காரர், அவருக்குத் தோணல. எனக்கே மத்தியானம் வரைக்கும் தோணல. நாப்பது வருஷம் சுட்ட உங்களுக்கு ஏன் தோணல? தோணினத மறைக்கத்தான் திருட்டுன்னு சொன்னீங்க."

"வாய்க்கு வந்ததப் பேசாதீங்க."

"பெருவிரல்ல என்ன காயம்?"

"தகரம் கிழிச்சுது."

"அந்தக் கதவோட ஸ்பிரிங் ரொம்ப விறைப்பு. ஒவ்வொரு தோட்டாவையும் பெருவிரலால கடைசி வரைக்கும் தள்ளணும், எடுக்கும்போது விளிம்பு கடிக்கும். தகரமாவும் இருக்கலாம், நான் சண்டை போடல. கையுறை போட்ட விரல் அதுக்குள்ள லேசுல நுழையாது. வெறும் விரலால பதினாலு தடவை அமுக்கியிருக்கு. பித்தளையோட அடியில பதினாலு ரேகை காத்திருக்கு. யாரோடதுன்னு போலீஸ்காரங்க பார்த்துக்குவாங்க."

மில்காரர் பிளாஸ்டர் ஒட்டிய கையை மெல்லச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மனைவி கதவுநிலையை விட்டுவிட்டு நேராகத் தம்பியிடம் போய் நின்றார். கணவன் பக்கம் திரும்பவேயில்லை.

"எனக்குப் புரியலம்மா" என்றார். "நடந்தது என்னன்னு நேராச் சொல்லுங்க."

தராசம்மா பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எத்தனை களைப்பிலும் இதை மட்டும் அவர் அவசரப்பட்டுச் சொன்னதில்லை.

"துப்பாக்கிய யாரும் மாத்தலைங்க. நூத்தி முப்பது வருஷப் பழசு, அதே துப்பாக்கிதான். சீல் கட்டினது லீவரை. தோட்டா போறது பக்கத்துக் கதவு வழியா. அதனால சீல் உடையாமலே உள்ள நிரப்ப முடிஞ்சுது. ஒரு தோட்டா இருபத்திரண்டு கிராம், மொத்தம் பதினாலு. கூடின முந்நூத்தி எட்டு கிராம் அதுதான். இன்னைக்கு ஆறு மணிக்கு எல்லார் முன்னாடியும் சீலை வெட்டி, லீவரை இழுத்திருந்தா முதல் தோட்டா குழலுக்குள்ள ஏறியிருக்கும். அப்புறம் அவர் வழக்கம்போல உங்க தம்பியக் குறி பார்த்து விசைய அழுத்தியிருப்பார். திங்கட்கிழமை மில்லைப் பிரிச்சுக் கொடுக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருந்திருக்காது. பார்த்த எல்லாரும் அத விபத்துன்னுதான் சாட்சி சொல்லியிருப்பாங்க."